பொருளியலா, பொருளாதாரமா?

பிளஸ் ஒன் சேரப்போகும் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, புக்குல பொருளியல்னு போட்டிருக்கு, நியூஸ்ல பொருளாதாரம்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. உடலும் உடலியலும் போல. நாட்டில் நடக்கும் உற்பத்தி, வணிகம், வரவு செலவு எல்லாம் சேர்ந்தது பொருளாதாரம்; அதை ஆராயும் படிப்பு பொருளியல். ‘எகானமி’, ‘எகனாமிக்ஸ்’ இரண்டுக்கும் பொருளாதாரம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். மளிகைக் கடையில் தொங்கும் ‘எகானமி பேக்’ இரண்டிலும் சேராது. அங்கே எகானமி என்றால் சிக்கனம்.

மூலம் கிரேக்கம். ஓய்கோஸ் என்றால் வீடு, நோமோஸ் என்றால் முறை. ஓய்கோனோமியா, வீட்டை நிர்வகிக்கும் முறை. பிறகு வீடு நாடாக விரிந்து, படிப்பின் பெயர் ‘பொலிட்டிகல் எகானமி’, அதாவது அரசியல் பொருளாதாரம் ஆனது. 1890இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலின் நூல் வந்தபின் ‘எகனாமிக்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

தமிழில் ‘பொருளாதாரம்’ பாதி வடமொழி. ஆதாரம் அங்கிருந்து வந்தது. ‘பொருளியல்’ முழுக்கத் தமிழ், பழைய சொல்லும்கூட. தொல்காப்பியத்தில் அப்பெயரில் ஓர் இயலே உண்டு. ஆனால் அங்கே பொருள் என்பது பணமல்ல, பாட்டின் பொருள். குறளின் பொருட்பாலில் வருவது செல்வமும் அரசும். “இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு” (385) என்பதைக் காட்டி, எகனாமிக்ஸ் முழுவதும் அதில் அடக்கம் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அரசனின் கருவூலத்தைப் பற்றிய குறள். கடையில் பேரம் பேசும் நுகர்வோர் அதில் இல்லை.

அந்த நுகர்வோரிடமிருந்துதான் படிப்பே தொடங்குகிறது. தேவை பல, வளம் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துக்கும் மாற்றுப் பயன்கள் உண்டு. இதற்கிடையே மனிதர் எதைத் தேர்கிறார் என்று ஆராய்வதே இத்துறை என்றார் ஆங்கிலேயப் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ், 1932இல். சென்னைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் அரிசி களைந்த நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிவறைக்கு. கடைசிக் குடத்தில் சமைப்பதா, குளிப்பதா என்று தினமும் விவாதம். தண்ணீர் லாரிக்காரர் கேட்ட விலையை நாங்கள் ஏன் கொடுத்தோம் என்று பார்ப்பது இப்படிப்பில் நுண்ணியல் (மைக்ரோ) என்ற பிரிவு. நாடு முழுதும் விலைவாசி, வேலைவாய்ப்பு, நாட்டு வருமானம் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பது பேரியல் (மேக்ரோ).

ஊருக்குள் இறங்கியும் இதைப் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் விவரங்களை எழுதிவரச் செய்தார். அவை 1918இல் நூலாக வந்தன. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவும் கேட்டவள் கடைசியாக, “கணக்கு வருமா சித்தி?” என்றாள்.

வரும். புள்ளியியலும் சேர்த்து.