குறைமாதப் பேற்றைத் தடுக்கும் ஊசி: விலையும் காப்பீடும் பலனும்

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, மதுரையில் பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பிழைத்து வீடு திரும்பியிருந்தால், அவள் மறுபடியும் கருவுற்ற செய்தி வரும்போது மகிழ்ச்சிக்கு முன்பே அச்சம் வந்துவிடுகிறது. கூட வரும் ஆயா (பாட்டி) மருத்துவரிடம் முதலில் கேட்பது, “நிறைமாசம் வரைக்கும் புள்ள தங்குறதுக்கு ஊசி ஏதும் இருக்காம்மா?” என்பதைத்தான். சரியான கேள்விதான். ஆனால் அதற்கு 2003இல் கிடைத்த விடை வேறு, இன்றைய விடை வேறு. இடையில் நடந்ததை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைமாதப் பேறு. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இந்த எண்ணிக்கை இவ்வளவு இல்லை. ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது தவறு. கருப்பைக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம் சேர்க்கிறது.

கருவைத் தாங்கி நிற்கும் இயக்குநீர் புரோஜெஸ்டிரோன். முதல் சில வாரங்கள் சூலகமும், பின்னர் நச்சுக்கொடியும் அதைச் சுரக்கின்றன. அது கருப்பைத் தசை சுருங்காமல் அடக்கி வைக்கிறது. கருப்பை வாய் இறுக்கமாக மூடியிருக்கவும் உதவுகிறது. ஆடு குட்டி போடுவதற்கு முன் அதன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் ஈற்றைத் தொடங்கிவைக்கிறது. மனிதரில் அப்படி நடப்பதில்லை. பிரசவ வலி எடுக்கும்போதும் தாயின் இரத்தத்தில் அது நிறையவே இருக்கும்; கருப்பைத் தசையில் அதை ஏற்கும் புரதங்கள் மாறிவிடுவதால், இருந்தும் அதன் பேச்சு எடுபடாமல் போகிறது. வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோனைக் கூட்டிக் கொடுத்தால் எல்லாருக்கும் பிரசவம் தள்ளிப்போகும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயா கேட்கும் ஊசியின் பெயர் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட். புரோஜெஸ்டிரோனைப் போன்று செயற்கையாக ஆக்கப்பட்ட இம்மருந்தை விளக்கெண்ணெயில் கரைத்துத் தசையில் போடுவார்கள். எண்ணெய்ப் பொட்டாகத் தசைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால் வாரம் ஒன்று போதும். பதினாறாம் வாரத்தையொட்டித் தொடங்கி முப்பத்தாறாம் வாரம் வரை போட்டால் ஏறத்தாழ இருபது ஊசிகள். மருந்து புதியதன்று, அமெரிக்காவில் வேறு பயன்களுக்காக 1956லேயே அனுமதி பெற்றது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு குறைமாதத்தில் பெற்ற 463 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஊசி போட்டவர்களில் 36.3 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத எண்ணெய் ஊசி போட்டவர்களில் 54.9 விழுக்காட்டினருக்கும் மீண்டும் குறைமாதப் பேறு நிகழ்ந்தது.

இந்த ஓர் ஆய்வை நம்பி, 2011இல் மகீனா என்ற பெயரில் இதற்கு அமெரிக்க அரசு விரைவு அனுமதி வழங்கியது. பலனை மற்றோர் ஆய்வில் உறுதிசெய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை மருந்தகங்கள் தாமே கலந்து 10 முதல் 20 டாலருக்குக் கொடுத்துவந்த அதே ஊசிக்கு, தனியுரிமை பெற்ற நிறுவனம் 1,500 டாலர் விலை வைத்தது. இருபது ஊசிக்கு 30,000 டாலர். அங்கே பத்துப் பிரசவங்களில் நான்கிற்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடே பணம் கட்டுகிறது என்பதால் பெருஞ்சுமை பொதுப் பணத்தின் மேல் விழுந்தது. எதிர்ப்பு வலுத்ததும், மருந்தகங்கள் கலந்து கொடுப்பதைத் தடுக்கமாட்டோம் என்று அரசு அறிவிக்க, நிறுவனம் விலையை 690 டாலராகக் குறைத்தது. யார் பணம் கட்டுவது என்பதில் நடந்த இந்தச் சண்டையில், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி பல ஆண்டுகள் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது என்பதே எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

விடை 2019இல் வந்தது. ஒன்பது நாடுகளில் 1,708 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், முப்பத்தைந்து வாரத்திற்கு முன் பிரசவமானவர்கள் ஊசி போட்டவர்களில் 11 விழுக்காடு, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 11.5 விழுக்காடு, வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். இதில் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று வாதிட்டவர்கள் உண்டு. முதல் ஆய்வில் மருந்தில்லாத ஊசி போட்டவர்களின் குறைமாதப் பேற்று விகிதம் வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம் என்பதும் கவனிக்கத்தக்கது. 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதியைத் திரும்பப் பெற்றது. 1960களை ஒட்டிக் கருவில் இம்மருந்தைப் பெற்ற பிள்ளைகளுக்குப் பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பு கூடியிருக்கலாம் என்று ஓர் ஆய்வு காட்டியது. அது உறுதியாகவில்லை; ஆயினும் பலன் இல்லாத மருந்துக்கு அத்தகைய ஐயத்தையும் ஏற்க இயலாது என்று 2024இல் ஐரோப்பாவும் இதை நிறுத்தியது. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், அரிப்பு ஆகியவை முன்பே தெரிந்தவை.

எனவே இந்த ஊசியை யாரேனும் எழுதிக்கொடுத்தால், எதற்காக என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனின்போது கருப்பை வாயின் நீளத்தை உள்வழியாக அளக்கச் சொல்வது அதைவிடப் பயனுள்ளது. அது 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இரவுதோறும் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். 2007இல் வெளியான ஆய்வில், நீளம் 15 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருந்த பெண்களில், முப்பத்துநான்கு வாரத்துக்கு முந்தைய பேறு 34.4 விழுக்காட்டிலிருந்து 19.2 ஆகக் குறைந்தது. சில வகை மாத்திரைகளில் கடலை எண்ணெய் உண்டு. கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போடுவதும் உண்டு.

செலவுக் கணக்கில் ஒரு முரண் இருக்கிறது. தனியார் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. ஸ்கேனும் மாத்திரையும் வெளிநோயாளிச் செலவாகக் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பேறுகாலச் செலவுக்கு ஒன்பது மாதம் முதல் சில ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலமும், உச்ச வரம்பும் உண்டு. ஆகவே திருமணமானவுடனேயே காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, பிறந்த நாள் முதலே குழந்தைக்குக் காப்பு உண்டா என்று படித்துப் பார்ப்பது நல்லது. வரவு செலவை ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டுப் பார்த்த செட்டிநாட்டு ஊரில் இது புதிய பழக்கமல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அரசு மருத்துவமனையிலோ காப்பீடே தேவையில்லை. ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவமும், மருந்தும், பரிசோதனையும், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான கவனிப்பும் இலவசம்.

இவ்வளவு செய்தும் வலி முன்கூட்டியே வந்துவிடலாம். அப்போது தாய்க்குப் போட வேண்டிய ஓர் ஊசி உண்டு. டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. விலை மிகக் குறைவு. குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்து உயிரிழப்பைக் குறைப்பது உறுதியாகியிருக்கிறது. முழுப் பலன் கிடைக்க நேரம் பிடிக்கும் என்பதால், இருபத்துநான்கு முதல் முப்பத்துநான்கு வாரத்துக்குள் வலி தொடங்கினால் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பலாம் என 2014இல் மத்திய அரசின் வழிகாட்டல் அனுமதித்தது. 108 வண்டி சிவகங்கைக்குப் புறப்படும் முன்பே, அது போடப்பட்டுவிட்டதா என்று உடன் செல்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.