ஓ.சி.ஐ. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடவா சார்?

இந்த மாதத்தில் இது மூன்றாவது போன். "சார், வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேட்கிறார்கள், ஓ.சி.ஐ. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடவா?" கிளியரன்ஸ் என்றால் அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான அனுமதி. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஓ.சி.ஐ., அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா', இரட்டைக் குடியுரிமை இல்லை. பெயரில் 'சிட்டிசன்' என்று இருப்பதால் வந்த வினை. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 9-ஆவது பிரிவுப்படி, அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த அன்றே உங்கள் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விட்டது. பழைய பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தாலும் போனது போனதுதான். கையில் இருப்பது ஆயுள் விசா மாதிரி ஒன்று. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. (ஊரில் பழைய வாக்காளர் அட்டை இருக்கிறதே என்று போய் ஓட்டுப் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.) இலங்கைக்காரர்கள் விண்ணப்பித்து உண்மையாகவே இரட்டைக் குடியுரிமை வாங்கலாம், அது வேறு கதை. சரி, இரட்டைக் குடியுரிமையே வாங்கியிருந்தால்தான் என்ன? யாருக்குக் கிளியரன்ஸ் தரலாம் என்று சொல்லும், 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த 'சீட் 4' (SEAD 4) விதிகளில், இன்னொரு நாட்டுக் குடியுரிமை இருப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று இருக்கிறது. அதற்கு முன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்ன காலம் ஒன்று உண்டு; அப்போது கிளியரன்ஸ் வாங்கிய சீனியர்களின் அறிவுரைதான் இன்னும் லஞ்ச் ரூமில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாட்டிக்கொள்கிறவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். என்னிடம் வந்த ஒருவர், நல்ல இன்ஜினீயர், நேர்காணலில் சர்வசாதாரணமாக "ஊரில் என் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான்" என்று சொல்லிவிட்டார். கிளியரன்ஸுக்கு அவர் நிரப்பிக் கொடுத்த எஸ்.எஃப்-86 படிவத்திலோ உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று இருக்கிறது. விசாரணையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தம்பி என்றது சித்தப்பா மகனை. நமக்குத் தம்பிதான், படிவத்துக்கு இல்லை. உறவினர்களைக் கேட்கும் 18-ஆம் பகுதியில் அவன் வரமாட்டான். ஆனால் வாராவாரம் வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள் என்றால் 19-ஆம் பகுதியில், ஏழு வருட வெளிநாட்டுத் தொடர்புகளில், வந்தே ஆகவேண்டும். அங்கே இவர் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். தம்பி தாலுகா ஆபீஸில் கிளார்க்காம், அரசு வேலையில் இருப்பவனை எழுதினால் கிளியரன்ஸ் போய்விடும் என்று பயந்தாராம்! நிலம் என்றதும் அடுத்த கேள்வி வந்தது. தாத்தா வழி வந்த ஒன்றரை ஏக்கர், கூட்டுப் பட்டாவில் இவர் பெயரும் இருக்கிறது, அதுவும் படிவத்தில் இல்லை. கிளியரன்ஸ் ஏன் தர முடியாது என்று அவருக்கு வந்த கடிதத்தில் தம்பி ஓரமாகத்தான் இருந்தான். பெரிதாக இருந்தது அந்த சீட் 4 விதிகளின் 'ஈ' (E) பிரிவு, அதாவது உண்மையை மறைத்த நடத்தை. எழுதியிருந்தால் நாலு கேள்வியோடு போயிருக்கும், இப்போது அவர் விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறார்.

இந்தியா நட்பு நாடுதானே என்று வாதாடாதீர்கள். நட்பு நாடும் தொழில்நுட்ப ரகசியம் தேடும், அதையும் கணக்கில் எடுப்பார்கள். அம்மா அப்பா ஊரில் இருந்தால் எழுதுங்கள். மாமனார் மாமியாரும்தான். என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு), போன வருடம் கல்யாணத்துக்கு நாலு நாள் போய் வந்தது, எல்லாம். அமெரிக்காவுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் அமெரிக்க பாஸ்போர்ட்டையே காட்டுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அதற்கு விதியிலேயே சலுகை இருக்கிறது. கேட்ட பிறகு சொன்னால் அந்தச் சலுகை கிடையாது, என்னிடம் வந்து அழுதும் பயனில்லை.

இன்று ராத்திரி ஊருக்குப் பேசும்போது, பட்டாவில் என் பெயர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.