நள்ளிரவுத் திருப்பலி நேரத்தில் ஆப்ப மாவு என்ன செய்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் டிசம்பர் 24ஆம் தேதி இரவு மிக நீண்டது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்ப ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் விருந்தாளிகளின் செருப்புகள் சேரத் தொடங்கிவிடும். அதற்குள் பசியாற ஆப்பமும் ஆட்டுக்கறியும் தயாராக வேண்டும் என்பதால் வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, தூக்கத்தைத் துறந்துவிடுகிறார். அதற்கு அவசியமே இல்லை. ஆப்ப மாவில் பெரும்பகுதி வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத உயிரிகள். அவை எந்தச் சூட்டில் ஓடும், எந்தக் குளிரில் நிற்கும் என்று தெரிந்தால் முதல் நாளே வேலையை முடித்துவிடலாம்.

அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேராக உண்ண முடியாது. அதற்குத் தேவை சர்க்கரை. அதனால்தான் அரைக்கும்போது கொஞ்சம் சீனியோ தேங்காய்த் தண்ணீரோ சேர்க்கிறோம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தில் ஒரு குவளைக் கள் போதும். சர்க்கரை, ஈஸ்ட் இரண்டும் அதிலேயே வந்துவிடும். தென்னம்பாளையில் வடியும் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை உண்டு. இறக்கிய சில மணி நேரத்திலேயே ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், புளிப்பைத் தரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அதில் பெருகிவிடுகின்றன. கள் ஊற்றிய ஆப்பத்தின் மணத்தைக் கடையில் வாங்கும் ஈஸ்ட்டால் முழுதாகத் தர முடியாததற்குக் காரணம் இந்தக் கூட்டணிதான்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் தங்க வேண்டும். கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் வலைபோல் நின்று குமிழிகளைப் பிடித்துக்கொள்ளும். அரிசியில் அது இல்லை. இட்லியில் அந்தக் குறையை உளுந்தின் வழவழப்பு தீர்க்கிறது. ஆப்பத்தில் தீர்ப்பது கூழ். அரைத்த மாவில் இரண்டு கரண்டி எடுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிப் பாருங்கள். சூடு 70 பாகை செல்சியஸை நெருங்கும்போது, அதுவரை பால்போல் இருந்தது திடீரென்று கண்ணாடிப் பசையாக மாறும். மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி உடைகிற கணம் அது. இந்தக் கூழை ஆறவிட்டு மாவில் கலந்தால் மாவு கெட்டிப்பட்டு, குமிழிகள் மேலேறி உடைந்துபோவது குறையும். சூடாகக் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு அது வரும்வரை காத்திருங்கள்.

இனி கடிகாரம். பேராக் சமவெளியில் டிசம்பர் மாத மாலை ஏறக்குறைய 28 பாகை இருக்கும். ஈஸ்ட்டுக்கு இது ஏற்ற சூடு. பத்துப் பாகை குறைந்தால் அதன் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இரவில் 16 பாகை வரை குளிரும் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து வீட்டில் இதே மாவு பொங்க இரு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். ஆகவே தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பில் ‘எட்டு மணி நேரம்’ என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மாவின் மட்டத்தைக் குறித்துவையுங்கள். அது ஒன்றரை மடங்கைத் தாண்டியதும் போதும். காலையில் அரிசியை ஊறவைத்து, நான்கு மணிவாக்கில் அரைத்து, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்தால், தேவாலயத்துக்குப் புறப்படும்முன் மாவு அந்த நிலைக்கு வந்துவிடும். உப்பைக் கலந்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

பலருக்கு மாவு பொங்கி வழிவது இங்கேதான். ஐஸ்பெட்டிக்குள் போன உடனே மாவு குளிர்ந்துவிடுவதில்லை. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஈஸ்ட்டும் அங்கே தொடர்ந்து இயங்கும். இரண்டு மூன்று பாத்திரங்களில் பாதி அளவுக்கு ஊற்றி வையுங்கள். தேங்காய்ப்பாலை மட்டும் இரவில் சேர்க்காதீர்கள். புளிக்கவைத்த இட்லி மாவுக்கு அமிலமே காவல்; ஈஸ்ட் மட்டும் போட்ட ஆப்ப மாவில் அந்தக் காவல் குறைவு. அமிலம் மிகக் குறைந்த தேங்காய்ப்பால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் கெட்டுவிடும்.

காலையில் மாவை வெளியே எடுத்து, தேங்காய்ப்பால் கலந்து அரை மணி நேரமாவது விட வேண்டும். குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகம் கரையும். 5 பாகையில் கரையும் அளவில் ஏறக்குறைய பாதிதான் 27 பாகையில் கரையும். மாவு வெதுவெதுப்பாக ஆக ஆக, கரைந்திருந்த வாயு மறுபடி குமிழியாக வெளிவருகிறது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் சட்டியின் சூடும் இறங்கி, ஆப்பம் கண் விடாமல் தட்டையாகிவிடும்.

சட்டியைச் சுழற்றும்போது ஓரத்தில் ஒட்டுவது மெல்லிய படலம்தான். அதிலுள்ள நீர் சில நொடிகளில் ஆவியாகி, சூடு 140 பாகையைத் தாண்டியதும், சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து பொன்னிறமாகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்த வினை இது. நடுவில் மாவு தடிமனாக, ஈரத்தோடு இருப்பதால் சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை. மூடிக்குள் அது ஆவியில் வெந்து வெள்ளையாகவே நிற்கிறது. ஓரம் முறுகவில்லை என்றால் மாவு கெட்டி என்று பொருள். தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள்.

ஆட்டுக்கறியை முதல் நாளே சமைப்பது நல்லது. மசாலாவின் மணப்பொருள்கள் கொழுப்பில் கரைந்து குழம்பெங்கும் பரவ நேரம் கிடைக்கும். எலும்போடு ஒட்டிய சவ்வு நீண்ட கொதியில் ஜெலட்டினாகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். ஆனால் மூடிய குண்டானை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் திருப்பலிக்குப் போவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைக்கும். குழம்பு மெல்ல ஆறி 45 பாகையை ஒட்டி நிற்கும்போது அவை முளைத்து, ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். குழம்பின் வாசனையோ சுவையோ மாறாமலே இது நடக்கலாம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். கெட்டிக் குழம்பின் ஆழம் இரட்டித்தால் அது ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே அகலத் தட்டங்களில் விரலளவு ஆழத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள். காலையில் ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. நடுத்துண்டும் 70 பாகையைத் தாண்ட, கிளறிக் கிளறிச் சூடாக்குங்கள். தேங்காய்ப்பாலை அடுப்பைத் தணித்த பிறகு ஊற்றினால், அதன் புரதம் திரிந்து எண்ணெய் பிரியாமல் குழம்பு வழவழப்பாக இருக்கும்.