சக்கைக்குள் இருக்கும் நார்

ஆரஞ்சைப் பிழிந்து சாறு எடுத்த பிறகு, பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சக்கையாக மிஞ்சுகிறது. தோலும் விதையும் உள்சவ்வும் கலந்த அந்த ஈரக் குவியல் சீக்கிரமே புளித்து நாற ஆரம்பிக்கும். குப்பை என்று கொட்டுகிற இதற்குள் நல்ல நார் இருக்கிறது. அதை உலர்த்திப் பொடித்து, மக்கும் பிளாஸ்டிக்கோடு கலந்து உணவுத் தட்டும் பெட்டியும் வார்க்கலாம். கேட்க எளிதாக இருந்தாலும், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் குறுக்கே வரும்.

நாரில் முக்கியமானது செல்லுலோஸ். 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. குளுக்கோஸ் அலகுகள் கோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அந்தச் சங்கிலிகள் நெருங்கிப் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகுவதால்தான் நாருக்கு உறுதி. அந்தப் பிணைப்பைத் தருகிற ஹைட்ராக்சில் தொகுதிகளே (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்கின்றன.

நாரோடு கலக்கப் பெரும்பாலும் எடுப்பது பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக், சுருக்கமாக பி.எல்.ஏ. சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையை நொதிக்க வைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கித்தான் நாரைக் கலக்க வேண்டும், ஆனால் நார்களுக்கு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கருகும் குணம் உண்டு. தண்ணீர் பாட்டிலுக்குப் பயன்படும் பெட் பிளாஸ்டிக் 250 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், அதனால் அது ஒத்துவராது. பி.எல்.ஏ. 180 டிகிரிக்குள் உருகிவிடும்.

சரி, ஈர நாரை அப்படியே உருகிய பி.எல்.ஏ.வில் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் பிளாஸ்டிக்கின் சங்கிலிகளை வெட்டிவிடும், பொருள் பலவீனமாகும். அதனால் ஈரம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் வரை உலர்த்த வேண்டும். சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் இதற்கு நிறைய எரிசக்தி செலவாகிறது. என்னைக் கேட்டால், இந்த முறை ஊருக்கெல்லாம் பரவுவதற்கு உண்மையான தடை இதுதான்.

அடுத்தது ஒட்டும் பிரச்சினை. நார் தண்ணீரை விரும்பும், பிளாஸ்டிக் தள்ளும். இரண்டுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளிகள் விழுந்தால், இழுக்கும்போது நார் உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே நீர்த்த காரக் கரைசலில் நாரை ஊறவைப்பார்கள். மெழுகும், பெக்டின் என்ற பசைப்பொருளும், லிக்னின் என்ற கடினப் பொருளில் ஒரு பகுதியும் நீங்கி மேற்பரப்பு சொரசொரப்பாகும், பிளாஸ்டிக் அதில் நன்றாகப் பற்றிக்கொள்ளும். மாலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் சேர்த்த பாலிமரை (பிளாஸ்டிக் சங்கிலிப் பொருளை) கலந்து இரண்டையும் இணைக்கும் வழியும் உண்டு.

நன்றாக ஒட்டிவிட்டால் பெட்டி விறைப்பாகும், விலை கூடிய பி.எல்.ஏ. குறைவாகவே தேவைப்படும். தோலில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பவை, எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்த உதவும். ஆனால் பழுப்பு நிறம் ஏறிக்கொள்ளும், ஈரமான உணவில் நார் ஊறி உப்பும். அதனால் தெளிவான உறையைவிட உலர் பண்டத் தட்டுகளுக்கே இது பொருத்தம். தோலில் தங்கிய பூச்சிமருந்து உணவுக்குள் இறங்குகிறதா என்றும் சோதித்தாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை கொடுத்த தண்ணீர் ஆசை, பெட்டி குப்பைக்குப் போன பிறகு உதவிக்கு வருகிறது. நார் வழியே ஈரம் உள்ளே புகும், நுண்ணுயிரிகள் பின்தொடரும், பி.எல்.ஏ. சங்கிலிகளும் அறுபடும். ஆனால் இது 58 டிகிரி அளவுக்குச் சூடாகும் தொழிற்சாலை உரக்குவியலில் வேகமாக நடக்கும். கடலிலோ தெருவோரத்திலோ நார் முதலில் அழிந்துவிடும், பிளாஸ்டிக் துண்டுகள் அங்கேயே பல வருடம் கிடக்கும்.