மீஞ்சூர்ல ஆயிரம் வீடு வந்தா எவ்ளோ கார்பன்? கட்டுறதுக்கு முன்னாடியே கணக்கு போடலாம்

சென்னைக்கு வடக்க மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனா வயல்ல கல்லு நட்டு, கலர் கொடி கட்டி பிளாட் போட்டிருக்கறத பாக்கலாம். இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கல, ஆனா நாளைக்கு அங்க ஆயிரம் குடும்பம் வந்தா வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு போகும்னு இன்னைக்கே ஓரளவு சொல்லிடலாம். ஒரு வேலை எவ்ளோ நடக்கும்ங்கறது ஒரு நம்பர், அந்த வேலைக்கு எவ்ளோ வாயு வரும்ங்கறது இன்னொரு நம்பர், ரெண்டையும் பெருக்கணும், அவ்ளோதான். ரெண்டாவதுக்கு உமிழ்வுக் காரணின்னு பேரு.

பைக்க எடுத்துக்குவோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். பெட்ரோலே லிட்டர் முக்கால் கிலோ சொச்சம்தானே, எப்படி இவ்ளோன்னு தோணும், அதுல இருக்கற கார்பன் எரியும்போது காத்துல இருந்து ஆக்சிஜன இழுத்து சேத்துக்குது, அந்த வெயிட்டுதான் கூடுது. மீஞ்சூர்ல இருந்து சென்னை பாரிஸ் கார்னருக்கு வேலைக்கு போக 25, வர 25 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம், 50 மைலேஜ் குடுக்கற வண்டின்னா தினம் 1 லிட்டர். 300 நாளைக்கு 690 கிலோ. அதே ஆள் 15 மைலேஜ் கார்ல போனா 2,300 கிலோ. கும்மிடிப்பூண்டி லைன் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனா, அத்தனை பேரும் பங்கு போட்டுக்கறதால ஆளுக்கு ரொம்ப கொஞ்சம்தான்.

அடுத்து கரண்ட். நம்ம நாட்டு கிரிட்ல, அதாவது எல்லா மின் நிலையமும் சேர்ற மின் வலையில, யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுற வீடுன்னா வருஷத்துக்கு 2,400 யூனிட், 1,680 கிலோ. வீட்ல புகையே வராது, ஆனா அத்திப்பட்டுல கரண்ட் எடுக்க நிலக்கரி எரியற புகைக்கூண்ட தினம் பாக்கறவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம்.

எனக்கு பெரிய ஆச்சரியம் சிமெண்ட்டுதான். சதுர அடிக்கு 0.4 மூட்டைன்னு மேஸ்திரிங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, 1,000 சதுர அடிக்கு 400 மூட்டை, அதாவது 20 டன். டன் சிமெண்ட்டுக்கு 0.6 டன்னு கம்மியா போட்டாலே 12 டன் கார்பன் டை ஆக்சைடு, அந்த வீட்டோட ஏழு வருஷ கரண்டுக்கு சமம்! சிமெண்ட் சூளைய மொத்தமா கரண்ட்ல சூடாக்கினா கூட இது நிக்காது, ஏன்னா சிமெண்ட்டுக்குப் போடுற சுண்ணாம்புக்கல்லு சூட்ல உடையும்போது 100 கிலோவுக்கு 44 கிலோ வாயுவா அந்தக் கல்லுக்குள்ள இருந்தே வருது.

குப்பையும் சேரும், கொடுங்கையூர் மாதிரி குப்பை மேட்டுல காத்து போகாம மக்குற சோறும் காய்கறித் தோலும் மீத்தேன் ஆகுது, அது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 28 மடங்கு சூடேத்தும்.

கலிபோர்னியால இதுக்குன்னே கால்ஈமாட்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ப்ராஜெக்ட்டுக்கு அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாக்கறாங்க. 2008லயே நில உபயோகத்தையும் போக்குவரத்தையும் சேத்துப் பாக்கணும்னு சட்டம் போட்டாங்க. ஆனா எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் உள்ள போடுற நம்பர் சரியா இருக்கணும், அதுல ரொம்ப ஆட்டம் காட்டுறது எத்தனை பேர் ட்ரெயின் ஏறுவாங்கங்கற நம்பர்தான்.

ஒரு லேஅவுட் நோட்டீஸ்ல ஸ்டேஷன் 5 நிமிஷம்னு போட்டிருந்தாங்க. ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நானே நடந்து பாத்தேன், 35 நிமிஷம் ஆச்சு. ரோட்டோரம் நடக்க பிளாட்பாரம் கிடையாது, பாதி தூரம் லைட் கிடையாது, கன்டெய்னர் லாரி ஒண்ணு பின்னாடியே வந்து ஹாரன் அடிச்சப்போ சேத்துல இறங்கி நின்னேன். பையோட ஒரு அக்கா என் கூடவே இறங்கி நின்னாங்க, "பையன் பைக் வாங்கிட்டான்னா இந்தத் தொல்லை இல்ல தம்பி"ன்னாங்க. ஆயிரம் வீட்ல 500 பேர் அதே மாதிரி ட்ரெயின விட்டுட்டு பைக்குக்கு மாறினா வருஷத்துக்கு 345 டன். மாடில சோலார் போடுறத நான் வேணாம்னு சொல்லல, ஆனா ப்ளான்ல முதல்ல வரைய வேண்டியது அந்த ரோட்டோட பிளாட்பாரமும் லைட்டும்தான்.