பயிற்சிக்குப் போகும் கம்பஸ் பிள்ளைகளுக்கு எந்த விதி செல்லும்?

திருகோணமலை வளாகத்துப் பிள்ளை ஒன்று வங்கிக்கோ கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகத்துக்கோ) பயிற்சிக்குப் போகத் தொடங்கினால், வீட்டில் "மகள் வேலைக்குப் போறா" என்றுதான் அயலுக்குச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அவள் இன்னும் மாணவிதான். அந்தப் பயிற்சியும் அவளது பட்டப்படிப்பின் ஒரு பாடம்தான். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுச் சட்டம் அவளுக்குப் பொருந்தும். போகும் இடத்தின் நேரம், உடை, பாதுகாப்பு விதிகள் ஒரு பக்கம், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுக்க விதிகள் மறுபக்கம். அலுவலகத்தில் நடந்த தவறு அலுவலகத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முறைப்பாடு வளாகத்துக்கு வந்தால் அங்கேயும் விசாரணை நடக்கலாம்.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, வழமையான பாடத்தில் ஒரு திறமைப் புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலம் போதும். தொழிற்பயிற்சி என்றால் ஒரு புள்ளிக்கு ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம் வேண்டும். 6 புள்ளிப் பயிற்சி என்றால் 600 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலமாக, வாரத்தில் 5 நாள் போனால் 15 வாரம். இந்தக் கணக்குக்குச் சாட்சி தினக்குறிப்பேடும் மேற்பார்வையாளரின் கையெழுத்தும்தான். வராத நாளுக்கு வந்ததாக எழுதுவதை ஒரு சின்னப் பொய்யாகச் சிலர் நினைக்கிறார்கள். பரீட்சையில் பார்த்து எழுதுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுகமில்லை என்றால் அன்று காலையிலேயே இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டும்: பயிற்சி இடத்து மேற்பார்வையாளர், வளாகத்தில் உங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கி புரட்டாதி வரை ஓடும். அந்த நாட்களில் சனி, ஞாயிறு லீவு கேட்பது, கடையைப் பூட்டச் சொல்வது மாதிரி.

அடுத்தது, ஓரிடத்துக்குச் சம்மதித்துவிட்டுப் பின்வாங்குவது. படிப்பையும் வேலையையும் மாறி மாறி வைக்கும் கோ-ஒப் முறை 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1957இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் உருவானபோதே அதை எடுத்துக்கொண்டது. இப்படியான திட்டங்களில் ஓரிடத்தை ஏற்றுக்கொண்டபின் கைவிடுவது பெரிய ஒழுங்கு மீறல். நம் ஊரில் அதற்கு இன்னும் கனம் கூட. துறைமுகம், சீனன்குடாவின் பிறீமா மா ஆலை, சீமெந்து ஆலை, வங்கிகள், மாகாண சபைத் திணைக்களங்கள், ஹோட்டல்கள் என்று திருகோணமலையில் பெரிய இடங்களை விரல் மடித்து எண்ணிவிடலாம். கொழும்பில் நல்ல இடம் கிடைத்தது என்று முதல் வாரமே ஒருவர் கைவிட்டுப் போனால், அடுத்த வருடம் அந்தக் கதவைத் தட்டப்போகும் பட்ச்தான் அதற்கு விலை கொடுக்கும். கொழும்புக்கே போகத்தான் வேண்டுமென்றால் விரிவுரையாளரிடம் சொல்லி, வளாகத்தின் ஊடாக எழுத்தில் விடுபடுங்கள். போனை எடுக்காமல் விடுவதை ராஜினாமா என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உடையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முதல் நாளே கேளுங்கள், அவர்கள் சொல்வதை உடுத்துங்கள்.

நான் சில வருடம் பயிற்சி மாணவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். அந்த அனுபவத்தில் சொன்னால், பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இரகசியம். ஒருமுறை ஒரு பையன் தன் முதல் மேசையைப் பெருமையாகப் படமெடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மேசையில் விரித்துக் கிடந்த விண்ணப்பத்தில் ஒரு வாடிக்கையாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் அடுத்த வருடம் அந்த அலுவலகம் யாரையும் எடுக்கவில்லை.

வங்கி என்றால் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் இரகசியம் பேணும் கடமையை விதிக்கிறது. தனிப்பட்ட தரவுகளுக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. அடுத்தவரின் பாஸ்வேர்ட்டைப் போட்டு, உங்களுக்கு அனுமதியில்லாத கணினிப் பக்கத்துக்குள் போவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் மாட்டக்கூடிய வேலை. "அவசரத்துக்குச் சேர்தான் தந்தார்" என்ற சமாதானம் அப்போது எவ்வளவு தூரம் எடுபடும் என்று சொல்ல முடியாது.

கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ இருப்பவர்களுக்கு வேறொரு சோதனை வரும். ஊர் மாமா ஒருவர் வாசலில் நின்று, "தம்பி, என்ட காணி பைல் எந்த மேசையில கிடக்குதெண்டு பாத்துச் சொல்லுமன்" என்பார். மறுத்தால் கோபிப்பார், அம்மாவிடமும் போய்ச் சொல்வார். அப்போதும் பைலைத் தொடாதீர்கள். "மாமா, எனக்கு அதைத் திறக்க அனுமதி இல்ல" என்று சொல்லி அவரை உரிய அலுவலரிடம் கூட்டிப் போங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகாரசபைகளில் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தகவல் கேட்டு அவரிடம் விண்ணப்பிக்க மாமாவுக்கு உரிமை உண்டு. சித்த மருத்துவ பீடப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: நோயாளி சொன்னதை பஸ்ஸில் கூட்டாளியோடு பேசக் கூடாது, பெயரைச் சொல்லாவிட்டாலும்.

சரி, கடமை பிள்ளைகளுக்கு மட்டும்தானா? இல்லை. தேநீர் வாங்கிவர அனுப்புவதும், நாள் முழுக்கப் போட்டோக்கொப்பி எடுக்க வைப்பதும் பயிற்சி ஆகாது. அதைத் தினக்குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதுங்கள், விரிவுரையாளர் பார்வையிட வரும்போது காட்டுங்கள். கொடுப்பனவு உண்டா இல்லையா என்பதைத் தொடங்க முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் பொறுத்துப்போகவே வேண்டாம். பயிற்சி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் அது குற்றம், 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்தில் வார்த்தையால் செய்தாலும் அந்தப் பிரிவுக்குள் வரும். திகதி, நேரம், அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் சேமித்துவைத்து, வளாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பொலிஸுக்கும் போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இடத்தை மாற்றித் தரும்படி வளாகத்திடம் கேட்டால் அது பின்வாங்கல் ஆகாது.

கடைசி நாளில் அடையாள அட்டை, சாவி, பென்டிரைவ் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். இறுதி அறிக்கையில் அந்த நிறுவனத்தின் கணக்கையோ வரைபடத்தையோ சேர்ப்பதாக இருந்தால், வளாகத்தில் கொடுக்க முன் மேற்பார்வையாளரிடம் காட்டி அனுமதியை எழுத்தில் எடுங்கள்.