மை இருக்கிறது, பேனாவுக்குத்தான் எட்டவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எழுத உட்கார்ந்தால் பேனாவில் மை தீர்ந்திருந்தது. மேசையில் இருந்த மைப்புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் நீல மை ஆடியது. மூடியைத் திறந்து, பேனாவை உள்ளே விட்டு, பேனாவுக்குள் மையை இழுத்து வைத்துக்கொள்ளும் சின்னக் குழாயான கன்வெர்ட்டரைத் திருகினேன். நிப் அடிக்கண்ணாடியில் 'டிக்' என்று இடித்தது. கன்வெர்ட்டரில் கால்வாசி மை, மீதி எல்லாம் நுரை. வெளியே தள்ளிவிட்டு மறுபடி திருகினேன். மறுபடியும் நுரைதான்.

சரி, எவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் அளவுமூடியைக் கழுவித் துடைத்து அதில் மையை ஊற்றினேன். 10 மி.லி. கோட்டில் வந்து நின்றது. சாதாரணக் கன்வெர்ட்டர் ஒரு மில்லி லிட்டருக்கு மேல் கொள்ளாது. அப்படியானால், பத்து தடவைக்குக் குறையாமல் நிரப்பக்கூடிய மை அந்தப் புட்டியில் சும்மா கிடந்திருக்கிறது. திரும்பப் புட்டியில் ஊற்றி வெளியிலிருந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மையின் ஆழம் வெறும் 8 மி.மீ.

விஷயம் முழுக்க அந்த 8 மில்லி மீட்டரில்தான் இருக்கிறது. மைப்புட்டி வாங்கும்போது நாம் பார்ப்பது நிறம், விலை, எத்தனை மி.லி. என்பது. பேனாவுக்குத் தேவைப்படுவது ஆழம்.

பேனா மையை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் வேலை செய்வது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். கன்வெர்ட்டரின் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே இடம் பெருகி அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மையின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டே இருப்பதால், அழுத்தம் குறைந்த பக்கம் மை தள்ளப்படுகிறது. போகும் வழி எது? நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாக்கு. பள்ளிக்கூடத்தில் சிலர் அதைக் கட்டை என்போம். அதில் மயிரிழை போன்ற கால்வாய்கள் ஓடும். அந்தக் கால்வாய்களின் வாயும், நிப்பின் நடுவில் இருக்கும் துளையும், விரல்கள் பிடிக்கும் முன்பகுதியான கழுத்துக்குள் நாக்கு நுழையும் இடமும் மைக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

மூழ்காவிட்டால் என்ன ஆகும் என்பது இளநீர் குடித்தவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராவில் நடுவே ஒரு கீறல் விழுந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வரும். காரணம் பாகுத்தன்மை, அதாவது ஓடுவதற்கு ஒரு பொருள் காட்டும் தயக்கம். அறை வெப்பத்தில் தண்ணீரின் பாகுத்தன்மை காற்றினுடையதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். ஒரே குறுகலான வழியில் இரண்டுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், இளகிய காற்று முந்திக்கொண்டு உள்ளே ஓடிவிடும். என் கன்வெர்ட்டரில் வந்த நுரை அப்படி வந்ததுதான். கால்வாசி மையாவது ஏறியதற்குக் காரணம், நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியில் மை தானாகவே கொஞ்சம் மேலேறி நிற்கும் என்பது. எழுத உதவும் அந்த நுண்புழை விளைவு, நிரப்பும் நேரத்தில் அரைகுறையாகத்தான் கைகொடுக்கும்.

பெரிய நிப் என்றால் நுனியிலிருந்து கழுத்து வரை 2 செ.மீ. இருக்கும். ஆக, பேனாவை நேராக நிறுத்தி நிரப்ப 2 செ.மீ. ஆழத்துக்கு மை வேண்டும். இனி ஒரு சின்னக் கணக்கு. உள்விட்டம் 4 செ.மீ. உள்ள உருளைப் புட்டியில் 2 செ.மீ. ஆழத்துக்கு மை நிற்க எவ்வளவு தேவை? 25 மி.லி. அது 50 மி.லி. புட்டி என்றால், பாதி மை தீர்ந்ததுமே பெரிய நிப்புக்குத் தகராறு தொடங்கிவிடும். இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இப்போது அதே 4 செ.மீ. வாயும் 4 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரு கூம்பை எடுத்துக்கொள்வோம், கூர்முனை கீழே இருக்கும்படி. முழுக்க நிரப்பினால் கிட்டத்தட்ட 17 மி.லி. பிடிக்கும். மை பாதி ஆழத்துக்கு இறங்கும்போது மீதி இருப்பது பாதியா? எட்டில் ஒரு பங்குதான். ஆழம் பாதியானால் அகலமும் நீளமும் கூடவே பாதியாகிவிடுகின்றன. அதாவது, 2 செ.மீ. ஆழம் தர கூம்புக்கு வேண்டியது வெறும் 2 மி.லி. உருளைக்கு 25, கூம்புக்கு 2. ஒரு மைப்புட்டியின் நல்லது கெட்டதைச் சொல்ல இந்த இரண்டு எண்களே எனக்குப் போதும்.

அப்புறம் ஏன் எல்லாரும் கூம்பாகவே செய்வதில்லை? நிற்க வேண்டுமே! மைப்புட்டி கவிழ்வது மற்ற எதுவும் கவிழ்வதைப்போல இல்லை. வேட்டி, பாய், கணக்கு நோட்டு எல்லாம் போய்விடும். ஒரு பொருள் சாய்ந்து விழுவது அதன் ஈர்ப்பு மையம் அடிப்பாகத்தின் விளிம்பைத் தாண்டும்போது. அடி 4 செ.மீ. அகலமும், ஈர்ப்பு மையம் 4 செ.மீ. உயரமும் என்றால் 27 டிகிரிக்குச் சாய்த்தாலே விழுந்துவிடும். அடியை 6 செ.மீ. ஆக்கி, மையத்தை 2 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 56 டிகிரி வரை தாங்கும். ஆக, நிலைத்து நிற்க அகலமும் குள்ளமும் வேண்டும். கடைசி மை எட்ட ஒடுக்கமும் ஆழமும் வேண்டும். இரண்டும் நேர் எதிர். மைப்புட்டி வடிவமைப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான், அவர்கள் கண்டுபிடித்த வழிகளைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

ஒரு வழி, வெளியே அகலமாகவும் உள்ளே குழிவாகவும் செய்வது. ஜப்பானின் பைலட் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த ஐரோஷிஸுக்கு மையின் 50 மி.லி. புட்டி இந்த ரகம். அடிக்கண்ணாடி தடிமனாக இருக்கும். அதன் நடுவில் ஒரு சின்னக் கூம்புப் பள்ளம். மை குறையக் குறைய அந்தப் பள்ளத்தில் சேரும், நிப்பின் நுனி அங்கே போய் இறங்கும். தடித்த கண்ணாடி ஈர்ப்பு மையத்தையும் கீழே இழுத்துவிடுகிறது. கையில் எடுத்தால் கனமாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

ஜெர்மனியின் லாமி 50 மி.லி. புட்டியிலும் அடியில் இதேபோல ஒரு கிண்ணம் உண்டு. குழிந்த அடியோடு கண்ணாடி நேராக நிற்காது என்பதால் அதைப் பிளாஸ்டிக் பீடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பீடத்தைச் சுற்றி ஒற்றுத்தாள் சுருள் ஒன்று. நிரப்பி முடித்ததும் ஒரு துண்டு கிழித்து நிப்பைத் துடைத்துக்கொள்ளலாம். பசை ஏற்றாத தாளின் நார்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகள் மையை இழுத்துக்கொள்ளும். நாங்கள் பள்ளியில் சாக்பீஸை நிப்பின் மேல் வைத்து இதையே செய்தோம். வெள்ளைச் சாக்பீஸில் நீலம் மெல்ல ஏறுவதைப் பார்க்கவே வேண்டுமென்றே கொஞ்சம் மையைச் சிந்துவோம்.

இன்னொரு வழி, மையை மேலே கொண்டுவந்து வைப்பது. இதில் எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்காவின் ஷீஃபர் நிறுவனத்தின் பழைய ஸ்கிரிப் மைப்புட்டி. வாய்க்குச் சற்றுக் கீழே, உட்சுவரை ஒட்டி, கண்ணாடியிலேயே ஒரு குட்டிக் கிண்ணம் வார்த்திருப்பார்கள். மூடியை இறுக மூடிவிட்டுப் புட்டியை ஒருபக்கம் சாய்க்க வேண்டும். மை வழிந்து அந்தக் கிண்ணம் நிறையும். நிமிர்த்தினால் மற்ற மை கீழே போய்விடும், கிண்ணத்தில் இருப்பது அங்கேயே நிற்கும். மூடியைத் திறந்து நிப்பைக் கிண்ணத்தில் இறக்கினால் முடிந்தது. அடியில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பேனாவுக்கு ஒரே ஆழம்தான். கழுத்தில் மட்டும் மை படும், பேனாவின் உடம்பில் படாது. கை கறையாகாமல் நிரப்ப இதைவிட எளிய வடிவத்தை நான் பார்த்ததில்லை.

மோன்ட்பிளாங்கின் ஷூ வடிவப் புட்டியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: நடுவில் ஒரு மேடு, சாய்த்தால் மை சின்ன அறைக்கு வரும், மேடு அதைத் திரும்பிப் போகவிடாது. ஜப்பானின் செய்லர் தன் பழைய புட்டிகளில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைத் தனியாகப் போட்டிருந்தது. மூடியபடி தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் கூம்பில் மை நிற்கும்.

புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் ஒரு கை புட்டியைச் சாய்க்கும், இன்னொரு கை பேனாவைப் பிடிக்கும், கன்வெர்ட்டரைத் திருகுவது யார்? பெலிக்கன் 4001 மை வரும் புட்டியின் பக்கங்கள் சரிவாக இருப்பது அதற்காகத்தான். மை குறைந்ததும் அதைப் பக்கவாட்டில் சாய்த்து உட்கார வைத்துவிடலாம், அதுபாட்டுக்கு நிற்கும்.

நம் ஊர்ப் புட்டிகளுக்கு இந்த வித்தைகள் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய பேனாக்களில் பெரும்பாலானவற்றில் கன்வெர்ட்டர் கிடையாது. கழுத்தைக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடம்புக்குள் நேராக மையை விடுவோம். ஃபில்லரின் கூர்வாய் புட்டியின் மூலை வரை போகும். புட்டியைக் கொஞ்சம் சாய்த்தால் கடைசிச் சொட்டும் வந்துவிடும். அப்படிப்பட்ட பேனாவுக்குச் சதுரமோ வட்டமோ, எந்தப் புட்டியும் நல்ல புட்டிதான். எனவே, புட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் பேனா எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். நிப்பை முக்கி நிரப்பும் ரகம் என்றால் மட்டும் உள்வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

புட்டியின் வாய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பேனாவின் கழுத்து 12, 13 மி.மீ. இருக்கும். அதைவிடக் கொஞ்சம் தாராளமாக வாய் இருந்தால் போதும். அளவுக்கு மீறி அகலமானால், நிரப்பும் அந்த ஒரு நிமிடத்தில் மின்விசிறி கிளப்பும் தூசி விழும், தண்ணீரும் ஆவியாகும்.

மூடி அதைவிட முக்கியம். மை என்பது பெரும்பாலும் தண்ணீர்; அதில் சாயம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு பொருள், ஒழுக்கைச் சீராக்கும் சில பொருட்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் மட்டும் போய்ச் சாயம் தங்கிவிடும். மை கெட்டியாகி நாக்கின் கால்வாயை அடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இது சீக்கிரமே நடக்கும். புட்டியின் திருகில் காய்ந்து ஒட்டிய மைத் துகள்தான் பல நேரம் மூடியை முழுக்க இறங்கவிடாமல் தடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். கண்ணாடி நீராவியைக் கடத்தாது. பிளாஸ்டிக் மிக மெதுவாகக் கடத்தும். வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகும் மை என்றால் கண்ணாடிப் புட்டியே நல்லது.

இரும்புச்சத்து கலந்த மைகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பெலிக்கன் 4001 நீலக்கறுப்பு அப்படிப்பட்டது. அதில் கரைந்திருக்கும் இரும்பு, காகிதத்தில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாக மாறும். எழுத்து தண்ணீருக்கு அழியாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அதே மாற்றம் புட்டிக்குள் நடந்தால் அடியில் வண்டல் படியும். மை குறையக் குறைய அதற்கு மேலே காற்று கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக்காற்று புகும். ஆகவே இந்த மையைச் சின்னப் புட்டியாக வாங்குவதே என் பழக்கம். சாதாரண நீல மைக்கு எதிரி வெளிச்சம். தெளிவான கண்ணாடிப் புட்டி ஜன்னலோரத்தில் அழகாகத்தான் இருக்கும், சாயம் வெளுத்துவிடும். புட்டி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பேனாவை மாற்றியும் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். 1952-இல் ஷீஃபர் கொண்டுவந்த ஸ்நார்க்கல் பேனாவில், பின்பக்கத்தைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே நீளும். கொசுவின் மூக்கு மாதிரி. அந்தக் குழாய் மட்டும் மையில் பட்டால் போதும், நிப் நனையவே வேண்டாம். உள்ளே அத்தனை நுட்பமான பாகங்கள். புட்டியில் ஒரு கிண்ணம் வார்ப்பதைவிட எவ்வளவு பாடு!

சரி, என் 10 மி.லி. மைக்கு வருவோம். காக்காய் குடத்தில் கல் போட்ட கதை நினைவுக்கு வந்தது. கோலிக்குண்டு போட்டால் மட்டம் ஏறும்தான், ஆனால் நிப்பின் முனை குண்டில் இடித்தால் பேனா போய்விடும். ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கி வைத்திருந்த, சோதனைக்குழாய் போன்ற மூடிபோட்ட குப்பி ஒன்று இழுப்பறையில் இருந்தது. உள்விட்டம் 16 மி.மீ. ஃபில்லரால் மையை அதற்கு மாற்றினேன். வட்டப் புட்டியில் 8 மி.மீ. ஆழம் காட்டிய அதே மை இங்கே 5 செ.மீ. உயரத்துக்கு நின்றது. குப்பியை ஒரு டம்ளரில் அரிசி போட்டு அதில் செருகி நிறுத்தி, பேனாவை இறக்கித் திருகினேன். நுரை இல்லாமல் ஒரே இழுப்பில் நிரம்பியது. இன்னும் நாலைந்து முறை இப்படி நிரப்பலாம், அதற்குப் பிறகு மிஞ்சுவதை ஃபில்லரால் நேராகக் கன்வெர்ட்டருக்குள் விட்டுக்கொள்வேன்.